சின்ன ஹாலில் முதல் கொலு: வடசென்னைக் குடித்தனக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொலு வைக்கும் வழக்கமே இல்லாத வீட்டில் இந்த வருஷம் தொடங்க நினைக்கிறீர்களா? தனிக்குடித்தனம் வந்து முதல் நவராத்திரியா? பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்களா? இது உங்களுக்காக. பெரம்பூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பாதி வீடுகளில் ஹால் பத்துக்குப் பத்துதான். பீரோ, கட்டில், டிவி, தண்ணீர்க் குடங்கள் போக ஒரு நாலடிச் சுவர் மிஞ்சும். அது போதும்.

புரட்டாசியில் வெயில் சாயங்காலத்துக்கு மேல் கொஞ்சம் இறங்கிவரும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காலாண்டு விடுமுறையும் அதை ஒட்டியே வரும். கையால் எதையாவது செய்துகொண்டு வீட்டில் உட்கார இதைவிட நல்ல காலம் வருஷத்தில் கிடையாது. கடையில் வாங்கி அடுக்குவதைவிட, வீட்டில் செய்து வைப்பதில்தான் கொலுவின் சுகம் இருக்கிறது. ஆனால் செய்ய நாள் வேண்டும். முதல் கொலுவில் திணறுகிறவர்கள் அநேகமாக நாள் போதாமல்தான் திணறுகிறார்கள். அதனால் கணக்கை அங்கிருந்து தொடங்குவோம்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

மகாளய அமாவாசை அன்று படியில் கலசமோ ஒரு பொம்மையோ வைத்துவிட வேண்டும். மறுநாள் பிரதமையில் நவராத்திரி தொடங்கும். தேதி வருஷத்துக்கு வருஷம் நகரும். 2025-ல் அமாவாசை செப்டம்பர் 21, விஜயதசமி அக்டோபர் 2. 2026-ல் அமாவாசை அக்டோபர் 10, விஜயதசமி அக்டோபர் 20. ஏறக்குறைய மூன்று வாரமான இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் தொடங்கும். நவராத்திரி தள்ளி வரும் வருஷத்தில் வர்ணம் காயாது, படிக்கு முன்னால் தரையில் அமைக்கும் 'பார்க்' காட்சியின் புல்தரைக்குச் சாயமேற்றிய மரத்தூள் காயாது, பொம்மையை இறக்கும்போது காற்றே ஈரமாக இருக்கும். அப்படிப்பட்ட வருஷத்தில் வெயிலில் காய வைக்கும் வேலைகளையெல்லாம் ஆவணியிலேயே முடித்துவிடுங்கள்.

அமாவாசையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விநாயகர் சதுர்த்திக்கும் மகாளய அமாவாசைக்கும் நடுவில் ஏறக்குறைய 25 நாள். சதுர்த்தி வரைக்கும் பொம்மைக்காரர்கள் பிள்ளையார் வேலையில் மூழ்கியிருப்பார்கள். கொலு பொம்மை முழுவதும் வெளியே வருவது அதற்குப் பிறகுதான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பௌர்ணமி முடிந்ததும் மகாளய பட்சம் தொடங்கிவிடும். அந்தப் பதினைந்து நாளில் புதுப்பொருள் வாங்கக் கூடாது என்று பல வீடுகளில் சொல்வார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படிச் சொல்பவர்கள் என்றால், வாங்கும் வேலைக்குச் சதுர்த்தி முதல் பௌர்ணமி வரை பத்து நாளுக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கும். இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பொம்மையோடு வந்து வாசலில் நிற்கும்போது "இப்ப எதுக்கும்மா வாங்கினே?" என்று கேட்க வைக்காதீர்கள்.

மற்ற நாள் கணக்கு இது. அமாவாசைக்கு 12 நாள் முன்னால் மரத்தூளுக்குச் சாயம் ஏற்றுங்கள், அட்டை வேலைகளைத் தொடங்குங்கள். 6 நாள் முன்னால் பார்க்கில் வைக்கும் வயலுக்குக் கேழ்வரகு விதையுங்கள். அமாவாசைக்கு முந்தைய நாள் படி கட்டி, துணி விரியுங்கள். அமாவாசை அன்று கடைக்கு ஓடும் வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. அன்றைக்குப் பூக்கடை பக்கம் நடக்கவே இடம் இருக்காது.

2. இடத்தைப் பிடித்து அளவெடுங்கள்

இன்ச் டேப்பும் ஒரு நோட்டும் போதும். சுவரின் அகலம், தரையிலிருந்து சுவிட்ச் போர்டு உயரம், ஜன்னல் தூரம், மின்விசிறி எங்கே தொங்குகிறது என்பதெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே படி வேண்டாம். காற்றில் துணி எழும்பினால் முதலில் சாய்வது மெல்லிய அடிப்பாகம் உள்ள பொம்மைதான். கடலை ஒட்டிய தெருக்களில் சாயங்காலக் காற்று ஜன்னல் வழியாக நேராக வரும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரையும் தவிர்த்துவிடுங்கள்.

கிழக்கு பார்க்கலாம், வடக்கு பார்க்கலாம் என்பார்கள். சின்ன வீட்டில் எந்தச் சுவர் காய்ந்திருக்கிறதோ அந்தச் சுவர்தான் சரி. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். குளியலறைக்கு முதுகைக் காட்டும் சுவர், சுண்ணாம்பு பொரிந்த சுவர் என்றால் அங்கே களிமண் பொம்மை நிற்காது. பத்து நாளில் அடிப்பக்கம் வர்ணம் உரியும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆணி அடிப்பது, சீரியல் பல்பு, பத்து நாள் சாயங்காலம் ஆள் வருவது, செருப்பு வாசலில் குவிவது என எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆணி வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பின்னால் தொங்கும் திரையை பீரோ பிடியிலிருந்து ஜன்னல் கம்பிக்குக் கயிறு கட்டியே போட்டுவிடலாம். பொது முற்றம் உள்ள லைன் வீடு என்றால் பக்கத்துக் குடித்தனக்காரர்களிடமும் சொல்லுங்கள். அவர்கள் பிள்ளைகள்தான் முதலில் வந்து நிற்பார்கள்.

3. படி

மூன்று படி போதும். ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம். ஒன்றில் தொடங்குகிறவர்களும் உண்டு. ஐந்து, ஏழு எல்லாம் பொம்மை சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அளவு: அகலம் 36 அங்குலம், ஒவ்வொரு படிக்கும் ஆழம் 10 அங்குலம், உயரம் 9 அங்குலம். மூன்று படிக்குத் தரையில் 30 அங்குலம் போகும், பின்படி 27 அங்குல உயரத்தில் நிற்கும். அதற்கு முன்னால் பார்க்குக்கு இரண்டடி, உட்கார இரண்டடி. மொத்தம் ஆறரை அடி.

மடக்கும் இரும்புப் படி வாங்கினால் வேலை மிச்சம். முதல் வருஷமே வாங்க வேண்டியதில்லை. பின்படிக்கு டிரங்குப் பெட்டி அல்லது பெஞ்சு, நடுப்படிக்கு சின்ன டிரங்கு அல்லது பலகை, முன்படிக்கு மூன்று மூன்று செங்கலாக இரண்டு பக்கம் அடுக்கி மேலே பிளைவுட். செங்கல் 3 அங்குல கனம். மூன்று அடுக்கினால் சரியாக 9 அங்குலம் வரும். பிளைவுட் 18 மில்லிமீட்டர் கனம் இருந்தால் மூன்றடிக்கு நடுவில் முட்டு தேவையில்லை. அதைவிட மெல்லியது வளையும், வளைந்தால் நடுப்பொம்மைகள் ஒன்றின்மேல் ஒன்று சாயும். உயரம் கொஞ்சம் குறைந்தால் பழைய நியூஸ்பேப்பர் கட்டை வைத்து ஏற்றுங்கள்.

அட்டைப்பெட்டியை மட்டும் படியாக வைக்காதீர்கள். முதல் நாள் உறுதியாகத்தான் இருக்கும். புரட்டாசி ஈரக் காற்றில் மூன்றாம் நாளே அட்டை தளர்ந்து உள்வாங்கும். செங்கலையும் ஆறுக்கு மேல் அடுக்க வேண்டாம். குழந்தை கை பட்டால் பக்கவாட்டில் சரியும். கட்டி முடித்ததும் ஒவ்வொரு படியிலும் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திப் பாருங்கள். ஆடினால் அன்றைக்கே சரி செய்யுங்கள். பொம்மை ஏறிய பிறகு எதையும் நகர்த்த முடியாது.

துணிக்கு வேட்டிதான் சிறந்தது. ஒரு படிக்கு ஆழமும் உயரமுமாக 19 அங்குலம், மூன்று படிக்கு 57, பின்னால் செருகவும் முன்னால் மடிக்கவும் 20. ஆக 77 அங்குலம். நாலு முழ வேட்டி ஏறக்குறைய அந்த அளவுதான் வரும். ஐந்து படி என்றால் எட்டு முழம் வேண்டும். வேட்டியின் அகலம் 50 அங்குலம் போல இருப்பதால் இரண்டு பக்கமும் மடித்துச் செருகக் கொஞ்சம் மிஞ்சும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வெள்ளை வேட்டி எத்தனை விலையிலும் கிடைக்கும். பொம்மையின் நிறம் எடுப்பாகத் தெரிய ஜரிகை இல்லாத வெள்ளையே நல்லது. பாலியெஸ்டர் வழுக்கும், வேண்டாம். ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் துணியை விரலால் அழுத்திப் பதித்து, குண்டூசி குத்துங்கள். பலகையில் குத்த முடியாத இடத்தில் இரண்டு பக்க டேப் போடுங்கள்.

4. பொம்மை வாங்குவது

வடசென்னைக்காரர்களுக்குக் கொசப்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. புரசைவாக்கத்துக்கும் ஓட்டேரிக்கும் நடுவே, பரம்பரையாக மண் வேலை செய்கிறவர்களின் தெருக்கள். அங்கே செய்வதோடு வெளியூர்ப் பொம்மைகளும் வந்து இறங்கும். காஞ்சிபுரமும் பண்ருட்டியும் கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர்கள். அண்ணா சாலை பூம்புகாரில் வருஷா வருஷம் கொலு பொம்மைக் கண்காட்சி நடக்கும். விலையும் வேலைப்பாடும் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முதலில் அங்கே ஒரு சுற்று சுற்றிவிட்டு, பிறகு கொசப்பேட்டைக்குப் போகலாம். வார நாள் காலையில் போங்கள். ஞாயிறு மாலை போனால் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்க்கவே விட மாட்டார்கள்.

கையில் இன்ச் டேப், பழைய துண்டு இரண்டு, கெட்டியான துணிப்பை, செல்லில் உங்கள் படியின் படம். இவை இல்லாமல் போகாதீர்கள்.

முதல் கேள்வி: "அண்ணே, இது மண்ணா, காகிதக்கூழா, பிளாஸ்டரா?" கேட்டால் சொல்லிவிடுவார்கள். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். சுட்ட மண் பொம்மையை விரல் முட்டியால் லேசாகத் தட்டினால் கணீரென்று கேட்கும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். காகிதக்கூழ் கையில் எடுத்தால் எடையே தெரியாது. கீழே விழுந்தாலும் அவ்வளவு சுலபமாக உடையாது, ஆனால் ஈரமும் கரப்பானும் அதற்கு எமன். பிளாஸ்டர் பொம்மை நல்ல வழவழப்பாக இருக்கும், முனை உடைந்தால் உள்ளே சுண்ணாம்பு வெள்ளை தெரியும். சின்ன வீடு, பரணில் வைத்து எடுக்க வேண்டும், வீட்டில் குழந்தை இருக்கிறது என்றால் என் ஓட்டு காகிதக்கூழுக்குத்தான். கலசத்துக்குப் பக்கத்தில் வைக்கும் ஒன்றிரண்டு சாமி பொம்மை மட்டும் மண்ணில் வாங்குங்கள்.

பொம்மையைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கருத்து, தொட்டால் சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. மேலே வர்ணம் பளபளப்பாக இருந்தாலும் அடுத்த வாரம் கொப்பளிக்கும். கடைசி நேர நெருக்கடியில் வருவதில் இது அதிகம். பிறகு முனைகள்: கிருஷ்ணன் புல்லாங்குழல், வேல் நுனி, விரல்கள், கிரீடத்தின் உச்சி. தரையில் வைத்து ஒரு விரலால் தள்ளுங்கள். ஆடினால் அடி சமமாக இல்லை.

புதியவர்கள் விழும் பெரிய பள்ளம் தசாவதார செட். பார்த்தால் ஆசையாக இருக்கும். பத்து பொம்மைக்கும் அடிப்பாகம் 5 அங்குலம் என்றால் வரிசைக்கு 50 அங்குலம் வேண்டும். உங்கள் படியோ 36. அந்தப் படியில் பத்து பொம்மை நிற்க, அடிப்பாகம் 3 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதே போல உயரம்: படி 9 அங்குலம் என்றால் முன்படிப் பொம்மை 8 அங்குலத்தைத் தாண்டினால் பின்படியின் முகத்தை மறைக்கும். மேல் படிக்கு மட்டும் உயரக் கட்டுப்பாடு கிடையாது.

செட்டாக வாங்கும்போது கடையிலேயே எண்ணி, பேர் சொல்லிச் சரிபாருங்கள். அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தால் வாமனர் இரண்டு இருப்பார், கல்கி இருக்க மாட்டார். துண்டுச்சீட்டானாலும் பரவாயில்லை, எழுதி வாங்குங்கள். என்ன பொம்மை, எத்தனை, என்ன உயரம், எவ்வளவு கொடுத்தீர்கள், என்றைக்கு வாங்கினீர்கள், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். சொல்லிச் செய்யவைத்து முன்பணம் கொடுத்தால் நிறமும், தருகிற தேதியும் கட்டாயம். தேதியை அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். உடைந்ததை மாற்ற எத்தனை நாள் அவகாசம் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

எத்தனை வாங்குவது? முதல் வருஷம் பத்துப் பன்னிரண்டு போதும். பிள்ளையார், ஒரு அம்மன், ஒரு மரப்பாச்சி ஜோடி, செட்டியாரும் செட்டியாரம்மாவும், பிடித்த ஒரு சின்ன செட். செம்மரத்தில் செய்த மரப்பாச்சி தலைமுறைக்கும் உழைக்கும். அதற்குத் துணி கட்டி, மணி கோத்துப் போடுவது பிள்ளைகளுக்கு ஒரு முழுச் சாயங்கால வேலை. மீதி இடத்தை வீட்டில் இருப்பது நிரப்பும்: சொப்புச் சாமான், பித்தளை விளக்கு, கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, மரக் குதிரை.

செலவுக்கு ஒரு வரம்பு வையுங்கள். கையில் 5,000 ரூபாய் என்றால் பொம்மைக்கு 2,000, படிக்கும் துணிக்கும் 800, பார்க்குக்கு 400, சுண்டலுக்கு 900, தாம்பூலத்துக்கு 900. பொம்மைக் கடையில்தான் கை மீறும், அதனால் அங்கே 2,000-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

5. பழைய பொம்மைக்குப் புது வர்ணம்

அத்தை வீட்டுப் பரணில், பாட்டி வீட்டுப் பெட்டியில் யாரும் வைக்காத பொம்மைகள் இருக்கும். கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். அதுதான் மலிவு, அழகும் அதில்தான் அதிகம்.

தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள். பழைய பொம்மைகளில் பெரும்பாலும் தண்ணீர் வர்ணம்; முகம் கரைந்து போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். உடைந்த விரல், காதுக்கு எம்-சீல் பிசைந்து ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள், பிறகு 220 நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். உரிந்த இடத்தில் வெள்ளை அக்ரிலிக் ஒரு கோட், நாலு மணி நேரம் கழித்து நிறம் இரண்டு கோட். முதல் கோட் முழுக்கக் காயாமல் இரண்டாவது அடித்தால் கீழ்க்கோட் பிரஷ்ஷோடு வந்துவிடும். வரிசை: முதலில் தோல், பிறகு துணி, பிறகு நகை, கடைசியில் கண். கண்ணுக்குப் பிரஷ் வேண்டாம், பல்குச்சி நுனி. இரண்டு கண்ணின் வெள்ளையையும் முதலில் வைத்துக் காய விட்டு, பிறகு இரண்டு கருவிழியையும் அடுத்தடுத்துப் புள்ளி வையுங்கள். ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பார்வை மாறுகண்ணாகும். கருவிழி மேலிமையைத் தொட்டபடி இருந்தால் முகம் சாந்தமாக இருக்கும். நடுவில் மிதந்தால் முறைப்பது போல ஆகிவிடும்.

6. பார்க்: கையால் செய்கிற இடம்

படிக்கு முன்னால் தரையில் அமைக்கும் இந்தக் காட்சிக்குத்தான் பிள்ளைகள் கூட்டம் கூடும். இரண்டடிக்கு மூன்றடி போதும். கீழே கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரித்துக்கொள்ளுங்கள்.

நடுவில் கிராமம் வைக்கலாம். வயலுக்குக் கேழ்வரகு. 40 கிராமை 8 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஓரடிக்கு ஒன்றரை அடி டிரேயில் ஓர் அங்குலம் ஈரத் தென்னைநார்த்தூள் பரப்பி, அதன்மேல் நெருக்கமாகத் தூவுங்கள். மூட வேண்டாம், உள்ளங்கையால் அழுத்தினால் போதும். இரண்டு நாள் இருட்டு, மேலே ஈரத்துணி. முளை தெரிந்ததும் ஜன்னல் வெளிச்சம். தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள், காலை மாலை இரண்டு வேளை. ஆறேழு நாளில் இரண்டு அங்குல நாற்றங்கால் தயார். தண்ணீர் அதிகமானால் மூன்றாம் நாளே வெள்ளைப் பூஞ்சை படர்ந்து வாடை வரும். அப்படி வந்தால் காப்பாற்றப் பார்க்காமல் புது டிரே போடுங்கள். நல்லபடி வளர்ந்ததும்கூட ஏழெட்டு நாளில் சாய்ந்துவிடும். அதனால் பிரதமை அன்றே இரண்டாவது டிரே விதைத்து வைத்தால் கடைசி மூன்று நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். கடுகு இன்னும் சீக்கிரம் வரும், ஆனால் இலை அகலம். தோட்டத்துக்குச் சரி, வயலுக்குக் கேழ்வரகுதான்.

புல்தரைக்கு மரத்தூள். மர இழைப்புக் கடையில் சும்மாவே தருவார்கள். சல்லடையில் சலித்த 500 கிராமுக்கு, பச்சைக் கோலப்பொடி இரண்டு மேசைக்கரண்டியை 200 மில்லி தண்ணீரில் கரைத்துப் பிசறி, நிழலும் வெயிலுமாக இரண்டு நாள் காயவிடுங்கள். கால் பங்கு சாயமேற்றாமல் எடுத்து வையுங்கள், மண்பாதைக்கு உதவும்.

கலர் உப்பு போடச் சொல்வார்கள். மயிலாப்பூரோ மாதவரமோ, எங்கேயும் இந்தப் பருவத்தில் வேண்டாம். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வேண்டவே வேண்டாம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், சாயம் துணியில் ஏறும், பக்கத்துப் பொம்மையின் அடி ஊறும். வெள்ளை வேண்டும் என்றால் ரவை, அதுவும் எறும்பு வராத இடத்தில்.

கிணற்றுக்குப் பழைய கண்ணாடி வளையல் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஃபெவிகால் வைத்து அடுக்குங்கள். குடிசைக்கூரைக்குப் பூந்துடைப்பத்தின் புல். வேலிக்குப் பல்குச்சி. ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்ச வேண்டாம், கரப்பான் ராத்திரியே வந்துவிடும்.

கிராமத்தோடு நம்ம ஊரையும் வையுங்கள். காசிமேடு வைப்பது சுலபம்: நீலப் புடவைத்துண்டு கடல், ஐஸ் குச்சி ஐந்தை நூலால் கட்டினால் கட்டுமரம், காய்ந்த தென்னம்பாளையின் நுனியை வெட்டினால் படகு, பூண்டு வரும் வலைப்பை மீன்வலை. ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது. அதன் முன்பக்கத் தூண்வரிசையைச் செருப்புப் பெட்டியில் செய்துவிடலாம். ஏ4 தாளை நாலாக வெட்டி, ஒவ்வொன்றையும் பென்சிலில் சுற்றி ஒட்டி உருவினால் 4 அங்குலத் தூண். பெட்டி நீளத்துக்கு எட்டுத் தூண், சம இடைவெளி விட்டு. மேலேயும் கீழேயும் அட்டைப்பட்டி ஒட்டிய பிறகு வர்ணம் அடியுங்கள். தனித்தனியே அடித்தால் தாள் ஊறித் தூண் வளையும். தூண் 4 அங்குலம் என்றால் பக்கத்தில் நிற்கும் ஆள் 2 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. காட்சி கெடுவது பெரும்பாலும் இந்த அளவுப் பிசகால்தான்.

7. அமாவாசை அன்று அடுக்குவது

மேல் படியில் கலசமும் சாமிகளும், நடுவில் அவதாரங்களும் அடியார்களும், கீழே மனிதர்களும் செட்டியார் கடையும். மேலிருந்து கீழே அடுக்குங்கள். கீழே அடுக்கிவிட்டு மேல் படிக்குக் கையை நீட்டினால் முழங்கை தட்டும். கலசச் சொம்பில் முக்கால் பங்கு தண்ணீர், ஐந்து மாவிலை, மேலே தேங்காய். சொம்புக்கு அடியில் அரிசி பரப்பிய தட்டு வையுங்கள், வழிந்தால் துணிக்குப் போகாது. ஒருமுறை வைத்த கலசத்தை நகர்த்த மாட்டார்கள் என்பதால் இடத்தை யோசித்து வையுங்கள்.

விளக்கு துணியிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி இருக்கட்டும். மரத்தூள் பக்கத்தில் வேண்டாம். எல்லாரும் தூங்கப் போகும்போது விளக்கும் சீரியல் பல்பும் அணைந்திருக்க வேண்டும். செட்டியார் கடையில் வைக்கும் அரிசி, பருப்பு சின்னக் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் போதும். அதிகம் வைத்தால் சுண்டெலி வரும், அது பொம்மையையும் தள்ளும்.

8. சுண்டலும் தாம்பூலமும்

பத்துப் பேருக்கு 250 கிராம் பயறு, ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணி மூன்றும் முதல் நாள் ராத்திரியே ஊற வேண்டும். காராமணிக்கு ஐந்து மணி நேரம். கொண்டைக்கடலைக்கு ஐந்து விசில், பட்டாணிக்கு மூன்று, காராமணிக்கும் பச்சைப்பயறுக்கும் இரண்டு. கிழமைக்கு ஒரு தானியம் என்றும் பலர் வைத்துக்கொள்கிறார்கள்: புதன் பச்சைப்பயறு, வியாழன் கொண்டைக்கடலை, வெள்ளி மொச்சை.

இங்கே பலருக்குப் புரியாத ஒரு தொல்லை, எத்தனை விசில் விட்டாலும் கடலை கல்லாகவே இருப்பது. காரணம் போர் தண்ணீர். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து பயறின் தோலை இறுக்கிவிடும். ஊற வைப்பதற்கும் வேகவைப்பதற்கும் மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ மட்டும் எடுங்கள். தேங்காயைப் பரிமாறுவதற்குச் சற்று முன்பு தூவுங்கள். மத்தியானமே தூவி மூடி வைத்தால் ஆறு மணிக்கு நூல்விடும்.

அழைப்பதை அமாவாசைக்கு முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள். பத்து நாளும் எல்லாரையும் கூப்பிடாமல், தெருவாகப் பிரித்து மூன்று நாளுக்கு வைத்துக்கொண்டால் இடமும் போதும், சுண்டலும் போதும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சின்னப் பொருள். முப்பது பேருக்கு ஆளுக்கு 20, 25 ரூபாய்க்குள் பாரிமுனை கடைத்தெருக்களில் மொத்தமாகக் கிடைக்கும். நாலாம் வீட்டு ஜெயராணி அக்காவோ எதிர்வீட்டு பாத்திமா பாட்டியோ, தெருவில் இருக்கும் எல்லாரையும் கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்குத் தாம்பூலத்துக்குப் பதில் பென்சிலோ ரப்பரோ கொடுங்கள். பாடத் தெரிந்தவர்கள் பாடட்டும். பாட்டு வராதவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம், அடுத்த நாள் வராமல் இருந்துவிடுவார்கள்.

9. இறக்கிப் பெட்டியில் வைப்பது

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்தது. மறுநாள் இறக்கலாம். அவசரப்படாமல் ஒரு பகல் முழுக்க, மின்விசிறிக் காற்றில், தரையில் விரித்த பாயின்மேல் ஆறவிடுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் இரண்டு நாள். ஈரத்தோடு கட்டிய பொம்மை அடுத்த வருஷம் பூஞ்சையோடு வரும்.

முதலில் பழைய மெல்லிய பருத்தித் துணி, அதற்குமேல் நியூஸ்பேப்பர். நேராகப் பேப்பரைச் சுற்றினால் அச்சுமை முகத்தில் ஒட்டும். பாச்சை உருண்டை வேண்டாம். அது தெர்மாகோலைக் கரைக்கும், சில வர்ணங்களையும் இளக்கும். காய்ந்த வேப்பிலை, வசம்பு போதும். நீண்ட முனை உள்ள பொம்மைகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்துக் கட்டுங்கள்.

பெட்டிக்கு நம்பர் போடுங்கள். நோட்டில் நம்பர் வாரியாக என்ன இருக்கிறது, எது உடைந்தது, எதற்கு வர்ணம் வேண்டும் என்று எழுதி, பெட்டி மூடும் முன் செல்லில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கொலு வைத்திருந்தபோது எடுத்த முன்பக்கப் படமும் அந்த நோட்டோடு சேரட்டும். எந்தப் படியில் எது நின்றது என்று அடுத்த வருஷம் அதைப் பார்த்தால் தெரியும். கடையில் வாங்கிய சீட்டுகளையும் அதே நோட்டில் ஒட்டிவிடுங்கள். ஒரு செட்டில் ஒன்று உடைந்தால் அதே உயரத்தில் தேடி வாங்க அந்தச் சீட்டுதான் துணை.

பெட்டி பரணில்தான் இருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பக்கத்திலோ தரையில் வைக்காதீர்கள். கொலு முடிந்த கையோடு மழைக்காலம் வருகிறது. 2015-லும் 2023 டிசம்பரிலும் புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை யாரும் மறக்கவில்லை. பரண் இல்லாத வீடு என்றால் பீரோவின் மேல், குறைந்தது நாலடி உயரத்தில். மேல்தளம் ஒழுகும் வீட்டில் பெட்டியின்மேல் பார்க்குக்கு விரித்த அந்த பிளாஸ்டிக் ஷீட்டையே போர்த்திக் கட்டுங்கள்.

மரத்தூள் காய்ந்திருந்தால் டப்பாவில் அடைத்து வைக்கலாம், இன்னும் இரண்டு வருஷம் வரும். கேழ்வரகு டிரேயைக் கொட்டிவிடாமல் தொட்டிச் செடிக்கு உரமாகப் போடுங்கள், அல்லது தெருவில் ஆடு வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள்.